மணிக்கூட்டில் மறைந்த கடல்

பிரெஞ்சு நெடும்பெட்டி மணிக்கூடுகளின் அலங்காரத்தை ஆராய்வோர் மன்னன் பெயரையும் கைவினைஞன் பெயரையும் சொல்லி அமைந்துவிடுகின்றனர். பதினான்காம் லூயியின் ஆடம்பரம், ஆந்திரே ஷார்ல் பூலின் (1642–1732) கைத்திறன் என்னும் இரண்டிலேயே வரலாறு முற்றுப்பெற்றதாம்! இக்கொள்கை பிழையானது.

பூலின் திறமையை மறுப்பார் இலர். ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் சேர்த்து ஒட்டி, கொடியும் பூவுமாக ஒருங்கே அறுத்து, ஒன்றில் வெட்டியதை மற்றொன்றிற் பதிப்பது அவன் புகழ்பெற்ற முறை. ஆயின் அவ்வோடு பாரிஸ் நகரின் ஆற்றில் விளைந்ததன்று. வெப்பக் கடல்களில் வாழும் அழுங்காமையினது. மன்னார் வளைகுடாவும் அவ்வாமை வாழும் கடலே. ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுந்த பெரிப்புளூஸ், இலங்கையின் பொருள்களுள் முத்தோடு ஆமையோட்டையும் சேர்த்துக் கூறுகின்றது. பூலின் தொழிற்பெயராகிய ‘எபெனிஸ்த்’ என்பதும் கருங்காலியின் பிரெஞ்சுப் பெயரடியாகப் பிறந்ததே. அவ்வினத்து மரம் வன்னிக் காடுகளிலும் வளர்வது.

குறித்த ஒரு மணிக்கூட்டின் ஓடு எக்கடலினது என்று காட்ட இயலுமா எனச் சிலர் வினவலாம். காட்ட இயலாமையே இங்கு வழக்கு. கைவினைஞன் பெயரைப் பேணிய ஏடுகள் ஓடு வந்த கரையைப் பேணவில்லை. நார்மண்டியின் செதுக்கிய ஓக் பெட்டி, மொர்பியேயின் பித்தளை முகப்பு என நாட்டுப்புற மணிக்கூடுகளை ஊர்வாரியாக வகுக்கும் ஆய்வு, அரண்மனை மணிக்கூட்டின் ஓட்டுக்கு மட்டும் ஊர் கேளாதது ஏன்?

இம்மறதிக்குக் கொண்டச்சிக் குடாவும் சான்று. அங்கு முத்துச் சலாபம் நடந்த காலத்தில் தோணிகள் இரவில் நிலக்காற்றோடு புறப்பட்டன. விடிந்ததும் குளிப்போர் கல்லின் பாரத்தால் ஆழத்துக்கு இறங்கினர். நண்பகலிற் கடற்காற்றோடு கரை திரும்பினர். சலாபத்தை மேற்பார்க்க ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801–1804 காலப்பகுதியில் அரிப்பிற் கட்டிய ‘டொரிக்’ மாளிகை இடிந்தும் பெயரோடு நிற்கின்றது. மூச்சடக்கி மூழ்கியவரின் பெயர்களோ எங்கும் நிற்கவில்லை.

குற்றம் பாரிஸினது மட்டுமன்று. பூலின் பெயரறிந்த தமிழ் மாணவர் பலர், சலாபத்தையும், சுறாவை மந்திரத்தாற் கட்டுபவனாக நம்பப்பட்ட கடல்கட்டியையும் அறியார். அருங்காட்சியகச் சீட்டில் ‘ஆமையோடு’ என்ற ஒரு சொல்லுடன் மனநிறைவு கொள்ளும் கல்வி, உழைப்பை மறைத்து அழகை மட்டும் வணங்கும் கல்வியாகும். அலங்காரத்தின் வரலாறு பட்டறை வாயிலில் அன்று, கடற்கரையிலும் காட்டிலும் தொடங்குதல் வேண்டும். மன்னார்க் கரையின் தொழிற்சொற்களையும் நினைவுகளையும் திரட்டுதல் அதற்கு முதற்படி. அப்பணி பிறருடையதன்று, தமிழ்ப் பல்கலைக்கழக மாணவருடையது.