முதலில் உயிர், பிறகுதான் கேஸ்!



என் அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். இன்று சிவில் இரண்டாம் ஆண்டு. சங்க ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது பாலங்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போன செமஸ்டரில் நடந்த ஒன்று என்னை விடவில்லை.

லேப் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறேன். பைபாஸ் முனையில் மொபெட்டில் வந்த பெரியவர் ஒருவரை ஒரு வேன் தட்டிவிட்டுப் பறந்துவிட்டது. தலையில் ரத்தம். சுற்றிலும் முப்பது பேர் இருப்போம். நான் ஓடிப்போய்க் குனிந்தேன். பின்னாலிருந்து ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, படிக்கிற பையன் நீ. அப்புறம் போலீஸ், கோர்ட்டுன்னு அலையணும். பேசாம நில்லு."

நின்றேன்! யாரோ 108க்குப் போன் செய்தார்கள். வண்டி வரும்வரை அவர் தார் ரோட்டிலேயே கிடந்தார். காயத்தில் ஒரு கைக்குட்டையை வைத்து அழுத்திப் பிடிக்கக்கூட முப்பது பேரில் ஒருவர் இல்லை. அவர் பிழைத்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதில் வெட்கம் என்னவென்றால், இதே பயத்தால் எங்கள் வீடே அடிபட்டிருக்கிறது. 2017இல் அப்பா சாரத்திலிருந்து விழுந்தார். கூட வேலை பார்த்தவர்கள் பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "இது போலீஸ் கேஸ், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று வாசலிலேயே பதில் வந்தது. ஆட்டோவில் இருபத்தைந்து கிலோமீட்டர்! உயிர் பிழைத்தார். ஆனால் இன்றும் இடது காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார்.

இப்படி அனுப்புவதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று தேடிப் படித்தேன். இல்லவே இல்லை!

ஸ்கூட்டரில் போன ஒருவரைக் கார் ஒன்று மோதியது. தூக்கிப்போன ஆஸ்பத்திரியில், போலீஸ் கேஸ் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை என்று 20 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழியிலேயே இறந்துபோனார். பத்திரிகையில் இதைப் படித்த பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1989 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, முதல் வேலை உயிரைக் காப்பாற்றுவது, எந்தச் சட்ட நடைமுறையும் அதற்குக் குறுக்கே நிற்க முடியாது என்றது. அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமைதான் அதற்கு அடிப்படை. அப்பா விழுந்தபோது அந்தத் தீர்ப்புக்கு வயது 28!

இன்னொரு வழக்கு. 1992இல் மேற்கு வங்கத்தில் ஹக்கிம் ஷேக் என்ற விவசாயக் கூலித் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்று மாற்றி ஒன்று "பெட் இல்லை" என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் சிகிச்சை. 1996இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. நிதி இல்லை என்று சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்றும் சொன்னது. கூலிக்காரருக்காக வந்த தீர்ப்பு என்பதால் எனக்கு இது தனிப் பிரியம்.

"மனசாட்சி இருந்தா சட்டம் எதுக்குடா?" என்று ஹாஸ்டல் நண்பன் கேட்டான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று சட்டையைப் பிடித்து இழுத்தவர் கெட்டவர் இல்லை, என்மேல் அக்கறைப்பட்டவர். அப்பாவைத் திருப்பி அனுப்பிய டாக்டருக்கும் சாட்சி சொல்ல அலையணுமே என்ற பயம் இருந்திருக்கலாம். (அதனால்தான் 1989 தீர்ப்பிலேயே டாக்டர்களைப் போலீசும் கோர்ட்டும் வீணாக அலைக்கழிக்கக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.) பயந்துபோன மனசாட்சிக்குத் துணை வேண்டாமா? உதவி செய்கிறவரைப் பெயர் கேட்டு வற்புறுத்தக்கூடாது என்ற வழிகாட்டு நெறிகளுக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்ந்துவிட்டது. நான் ரோட்டில் கைகட்டி நின்ற அன்று, சட்டம் என் பக்கம் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

சரி, செலவு? தனியார் ஆஸ்பத்திரிக்கு "பார்" என்று உத்தரவு போட்டால் மட்டும் போதுமா, பில்லை யார் கட்டுவது? 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இதற்குப் பதில் சொல்லியது. முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் சிகிச்சை இலவசம். நல்ல திட்டம்தான். ஆனால் சாலை விபத்துக்கு மட்டும்! சாரத்திலிருந்து விழுகிறவன், குழியில் மண் சரிந்து மாட்டிக்கொள்கிறவன் இதில் வரமாட்டான். உடைவது அதே எலும்பு, ஓடுவது அதே ரத்தம். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? திட்டத்தை வேலையிட விபத்துக்கும் நீட்ட வேண்டும் என்று நம் சங்கம் தீர்மானம் போட்டால் என்ன? டிப்ளமோ முடித்து சைட்டில் சூப்பர்வைசராக நிற்கப் போகிறவர்கள் நாம்தானே? ஆள் விழுந்தால் முதலில் நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

தீர்ப்பைப் பற்றி அப்பாவிடம் படித்துச் சொன்னேன். பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்: "இது அந்த ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு அன்னைக்கே தெரியுமாடா?"

"தெரிஞ்சிருக்கும்பா."

"நமக்குத்தான் தெரியல."

மறுநாள் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொன்னார். இப்போது அது அவருடைய மட்டப்பலகை, கரணையோடு பையில் இருக்கிறது.