நோயாளியைக் கேளாத மேற்பார்வை

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றார். நோயுற்றவன், நோயைப் போக்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவன் என்பன அவை. நான்கனுள் நோயுற்றவனுக்கே முதலிடம். இக்குறளை நடத்தாத தமிழாசிரியர் இலர். எழுதி மதிப்பெண் பெறாத மாணவரும் அரியர். ஆயினும், தோட்ட மருத்துவமனைகளில் நடந்த மேற்பார்வை பின்னைய மூன்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு, முதற்கூற்றைக் கேளாமலே கையொப்பமிட்டுச் சென்றது.

இதன் வேரை அறியப் பழைய ஏட்டைப் புரட்ட வேண்டும். மலாக்காவை அடுத்திருந்த கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில், 1911-ஆம் ஆண்டில் மட்டும் ஆயிரம் தொழிலாளருக்கு அறுபது பேருக்கு மேல் மாண்டனர். காடழித்துப் பால்மரம் நட்ட கைகளை மலேரியாவும் வயிற்றுப்போக்கும் வாரிக்கொண்டு போயின. 1926-இல் அம்மாநிலங்களுக்கெனத் தோட்டச் சுகாதார வாரியச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயின், தோட்ட முதலாளிகளின் எதிர்ப்பும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து அதனைச் சில ஆண்டுகளிலேயே வீழ்த்தின.

நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாயிருந்த மலாக்கா அச்சட்டத்திற்கு உட்பட்டதன்று. இங்குத் தோட்டங்களின் மருத்துவப் பணியை மலாக்கா விவசாய மருத்துவ வாரியம் என்னும் அமைப்பு கவனித்தது. தனியொரு தோட்டத்தால் இயலாததைக் கூடிச் செய்யும் அம்முறையில் நன்மை இல்லாமலில்லை. மலேரியாவை ஒடுக்கும் ஆய்வில் அதன் மருத்துவர்களுக்கும் பங்குண்டு. நல்லதை நல்லதென்றே சொல்ல வேண்டும்.

ஆனால், தோட்ட மருத்துவத்தின் அடித்தளத்திலேயே ஒரு பிழை இருந்தது. மருத்துவமனைக்குப் பணம் கொடுத்தவரும், டிரெசருக்குச் சம்பளம் அளந்தவரும், நோயாளிக்கு வேலை தந்தவரும் ஒருவரே. பெரட்டுக்கு வராதவன் நோயாளியா, சோம்பேறியா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையும் டிரெசரின் தலையில் விழுந்தது. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி கட்டில்களை எண்ணினார், கால்வாயைப் பார்த்தார், பதிவேட்டைப் புரட்டினார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில் துரையோடு நடந்தது. கட்டிலில் கிடந்தவனுக்குத் தெரிந்ததோ தமிழ். அவனை யாரேனும் கேட்டிருப்பினும், துரை அருகில் நிற்க அவன் வாய் திறந்திருப்பானா? வேலையும் லயத்து வீடும் ஒரே கையில் இருந்தன. அவன் பேசாதிருந்தான். அந்த மௌனம் ஏட்டில் மனநிறைவு என்று ஏறியது!

விடுதலைக்குப் பின், 1966-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் வந்தது. 1990-இல் அடிப்படை வசதிகளையும் சேர்த்து மற்றொரு சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. சட்டம் எழுத்தில் வளர்ந்தது; கேட்கும் செவி மட்டும் வளரவில்லை.

“அதெல்லாம் பழங்கதை, தோட்டம் துண்டாடப்பட்டது, பிள்ளைகள் நகரத்துக்கு வந்துவிட்டனர், அரசு மருத்துவமனையில் ஒரு வெள்ளிக்கு வைத்தியம் கிடைக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்?” என்று கேட்போர் உண்டு. எஞ்சிய செலவை ஏற்பது மக்களின் வரிப்பணம். பால் வெட்டியவரின் வியர்வையும் நாட்டின் கருவூலத்தில் சேர்ந்ததே. ஆகவே அஃது உரிமை, பிச்சையன்று. உரிமையின் தரத்தைக் கேட்பது நன்றி மறத்தலும் ஆகாது.

ஜாசினிலோ அலோர் காஜாவிலோ மருத்துவமனைக்குச் செல்லும் மூதாட்டியை எண்ணிப் பார்க்கலாம். மலாயில் சொல்லப்படும் விளக்கம் முழுதும் விளங்காது தலையசைக்கிறார். எம்மருந்து சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பதை வீட்டுக்கு வந்த பின் பேரனைக் கேட்கிறார். துரை போய்விட்டார், துரைக்கு அஞ்சிய மௌனம் போகவில்லை. மலேசியாவில் மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் சங்கம் 1997-இல் தோன்றியது. அரசு மருத்துவமனைகளுக்குப் பொதுமக்களிலிருந்து நியமிக்கப்படும் வருகையாளர் வாரியங்களும் உள. இவை வேண்டுவனவே. ஆயினும், அந்த மூதாட்டி தலையசைத்ததை எந்தப் படிவம் பதிவு செய்யும்?

மேற்பார்வை மெய்யாக வேண்டுமாயின் மூன்று செய்ய வேண்டும். பணியாளர் அருகில் இல்லாத வேளையில் நோயாளியிடம் கேட்க வேண்டும். அவர் மொழியில் கேட்க வேண்டும். கேட்டதையும் திருத்தியதையும் மக்கள் அறிய வெளியிட வேண்டும். இன்று தோட்டங்களில் உழைக்கும் இந்தோனேசியருக்கும் வங்காளதேசத்தவருக்கும் இதே நீதி உரியது. தன் பாட்டன் பட்டதைப் பிறர் படும்போது பார்த்திருப்பவன், பாட்டனுக்காக அழுவதில் பொருளில்லை.

தமிழாசிரியருக்கும் இதில் கடமையுண்டு. புகார்க் கடிதம் எழுதும் பயிற்சி வகுப்புதோறும் நடைபெறுகிறது. அக்கடிதம் தேர்வுத்தாளோடு நின்றுவிடுகிறது. உரியவர் மேசைக்குப் போவதில்லை. தாத்தாவோடு மருத்துவமனைக்குச் செல்லும் மாணவன் மொழிபெயர்த்துச் சொல்லட்டும். குறை கண்டால் நாளும் நேரமும் குறித்து எழுதட்டும். நிறை கண்டால் அதையும் எழுதட்டும். நோயுற்றவனை முதலில் வைத்த குறளை மனப்பாடம் செய்துவிட்டு, அவனைக் கடைசியில் நிறுத்தும் வழக்கத்தைக் கண்டும் காணாதிருப்பது கல்வியாகாது.