வெட்கத்தை விடுவோம்



கூச்சத்தால் நாம் மறைக்கும் நோய்களில் ஒன்று, ஆண்குறியின் முன்தோலில் வரும் லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்னும் நாட்பட்ட தோல்நோய். தோல் வெளிறித் தடித்து இறுகும், வெடிக்கும், சலம் போகும்போது எரியும். இது தொற்றாது; தகாத உறவால் வருவதுமல்ல.

சிறு பையன்களின் முன்தோல் பின்னே போகாதிருப்பது இயல்பு, வலிந்து இழுக்கக்கூடாது. ஆனால், முன்பு பின்னே போன தோல் பிறகு இறுகினால், வெண்தழும்பு தெரிந்தால், குடும்ப வைத்தியரிடம் காட்டுவோம். வலுவான ஸ்டீரொய்ட் களிம்பில் சிலருக்கு அடங்கும். அடங்காவிட்டால் முன்தோலை அகற்றுவர். அது சிகிச்சை, சமயச் சடங்கல்ல. கவனியாது விட்டால் சலவழி ஒடுங்கலாம். அரிதாகப் பெரியவர்களுக்குப் புற்றுநோயும் வரலாம்.

மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்போம். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவேண்டாம். மகன் சொல்லத் தயங்கினால் நாமே கேட்போம்.