லெஸ்வோஸுக்குப் போகாதே என்றவர்களுக்கு

“லெஸ்வோஸுக்கா? அங்கை முழுக்க அகதியளாமே. சன்டோரினிக்குப் போங்கோவன்.”

விடுமுறைக்கு எங்கே போகிறேன் என்று கேட்ட மச்சான் சொன்னது இது. 1985இல் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்து தஞ்சம் கேட்டவர் அவர். நானும் அந்த வழியால் வந்தவன்தான். அவர் ஒருவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இதே பேச்சைப் பிறகு பலரிடம் கேட்டேன். இங்கே பிறந்த பிள்ளைகளிடமும் கேட்டேன்.

முதலில் தீவைச் சொல்கிறேன். கிரேக்கத் தீவுகளில் மூன்றாவது பெரியது லெஸ்வோஸ். வடகரையில் நின்றால் துருக்கியின் மலைகள் தெரியும். இடையில் சுமார் 10 கிலோமீட்டர் கடல். மேற்கே சிக்ரியில், எரிமலைச் சாம்பலில் புதைந்து சுமார் 2 கோடி ஆண்டுகளாகக் கல்லாய்க் கிடக்கிறது ஒரு காடு. வடக்கே மொலிவோஸ் கோட்டையும் அதன் சரிவில் கல்வீடுகளும். வழியெல்லாம் ஒலிவ் தோப்பு.

கல்லோனி வளைகுடாவில் பிடித்த சாளையை உப்பில் போட்டு, அன்றைக்கே, அடுப்பில் வைக்காமல் தோலுரித்துத் தருகிறார்கள். கருவாடுமில்லை, பச்சை மீனுமில்லை. பக்கத்தில் பெருஞ்சீரக வாசத்தோடு ஊசோ. தண்ணீர் விட்டதும் பாலாய் வெளுக்கும். ஒலிவ் எண்ணெயில் வைத்துப் பேணிய செம்மறிப்பால் சீஸுக்கு லாதோதீரி என்று பெயர். சுகானியா என்று இன்னொன்று: வெங்காயத்தை இதழ் இதழாய்ப் பிரித்து, அரிசியும் இறைச்சியும் வைத்துச் சுருட்டி அவிப்பது. அந்தப் பெயரே வெங்காயத்துக்கான துருக்கிச் சொல்லிலிருந்து வந்தது. இரு கரைக்கும் ஒரே அடுப்பு.

அந்த அடுப்பை இரண்டாகப் பிளந்தது 1922. சின்னாசியாவின் கிரேக்கர்கள் உயிர் தப்பப் படகேறி இத்தீவில் வந்து குவிந்தார்கள். 1923இன் லொசான் உடன்படிக்கைப்படி இங்கிருந்த முஸ்லிம்கள் அக்கரைக்கு அனுப்பப்பட்டார்கள். வந்த கிரேக்கரைச் சொந்த இனத்தவரே “துருக்கி விதை” என்று ஏசினார்கள். இன்று மித்திலீனி நகரில், குழந்தைகளோடு நிற்கும் சின்னாசியத் தாய்க்குச் சிலை இருக்கிறது. ஸ்காலா சிக்காமினியாஸ் துறைமுகத்துப் பாறையில் உள்ள சிறு வெள்ளைத் தேவாலயத்தைப் படம் எடுக்காத பயணி இல்லை. அந்த ஊரில் வந்து குடியேறிய அகதிகளைப் பற்றித்தான் மிரிவிலிஸ் 1949இல் ‘கடற்கன்னி மாதா’ நாவலை எழுதினார்.

ஆகவே, அகதி இல்லாத லெஸ்வோஸ் என்று ஒன்று கிடையாது. அகதியைக் கழித்துவிட்டுக் காட்சியையும் சாப்பாட்டையும் மட்டும் கேட்பவருக்கு இத்தீவு கொடுப்பதற்கு அதிகம் வைத்திருக்கவில்லை.

2015இல் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இக்கரையில் இறங்கினார்கள். அதே சிக்காமினியாஸில் மூன்று மூதாட்டிகள், நனைந்து வந்த தாயொருத்தியின் குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்த படம் உலகெங்கும் போனது. 1922இல் படகில் வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

“அவங்கள் எங்களைப் போலில்லை. ஏஜென்சிக்குக் காசு கட்டி, பொய் சொல்லி வாறவங்கள்” என்பது எம்மவரின் அடுத்த வாதம். நாங்கள் ஏஜென்சிக்குக் காசு கட்டவில்லையா? 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களைக் கனடிய மீனவர்கள் காப்பாற்றினார்கள். இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் சொன்னார்கள். உண்மையில் புறப்பட்டது மேற்கு ஜேர்மனியிலிருந்து. அந்தப் பொய்யை நாங்கள் மன்னித்தோம். அதன் பின்னால் இருந்த பயம் எங்களுக்குத் தெரிந்திருந்தது. சிரியக்காரனின் பயம் மட்டும் ஏன் தெரியாமல் போகிறது?

தீவாரைப் புனிதராக்க நான் வரவில்லை. 2020 மார்ச்சில் படகைக் கரையில் இறங்க விடாது மறித்தவர்களும் இத்தீவார்தான். சுமார் 3,000 பேருக்கென அமைந்த மோரியா முகாமில் 12,000 பேருக்கு மேல் அடைத்து வைத்ததும், அது அந்த செப்டெம்பரில் எரிந்துபோனதும் ஐரோப்பாவின் கணக்கு. அந்த ஐரோப்பாவின் கடவுச்சீட்டுத்தான் என் சட்டைப்பையில் இருந்தது. அதைக் காட்டி, மித்திலீனி விமான நிலையத்தை ஐந்து நிமிடத்தில் கடந்தேன்.

இன்னொரு பக்கத்தால் வரும் கேள்வியும் உண்டு: “சனம் துன்பப்பட்ட இடத்தில் சாளை தின்னப் போனனீரோ?” ஓம், போனேன். படகுகள் வந்ததற்கு மறு கோடையில், 2016இல், உல்லாசப் பயணிகள் இத்தீவைக் கைவிட்டார்கள். கரையில் இறங்கியவர்களுக்குச் சாப்பாடு கொடுத்த ஊரின் உணவகங்கள் வெறுமையாய்க் கிடந்தன. அகதிக்கு உதவியதற்கான தண்டனையாகவே அது முடிந்தது. அந்தத் தண்டனையில் பங்குகொள்ள எவருக்கு உரிமை இருந்தாலும் எங்களுக்கு இல்லை. போய், விலை கொடுத்துச் சாப்பிடுவது மிகச் சிறிய காரியம். அதையும் செய்யாமல் இருப்பதற்குத்தான் காரணம் சொல்லவேண்டும்.

திரும்பி வந்து, லாதோதீரி ஒரு துண்டை மச்சானிடம் கொடுத்தேன். ருசியாய் இருக்கிறது என்றார். எங்கே வாங்கினது என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பெர்லினில் முதல் இரவு தனக்குப் போர்வை தந்த கிழவியின் கதையைத் தொடங்கினார். நாற்பது வருடத்தில் அவர் வாயால் அதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருடைய மகளுக்கும் அதுதான் முதல் தடவை.