காணாமற்போகாத 69 ஜிபி

ஒரு டெராபைட் என்று அச்சிட்ட ஹார்ட் டிஸ்க்கை வாங்கி விண்டோஸ் கணினியில் இணைத்தால் திரை 931 ஜிபி என்கிறது. உடனே ‘கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான்’ என்று ஒரு தரப்பு குமுறுகிறது. ‘ஃபார்மேட் செய்தால் அவ்வளவு போய்விடும்’ என்று விவரம் தெரிந்த தரப்பு ஆறுதல் சொல்கிறது. இரண்டும் பிழை. கோப்பு முறைமை எடுத்துக்கொள்ளும் இடம் மிகச் சிறிது. வட்டில் 10,00,00,00,00,000 பைட்டுகள், அதாவது லட்சம் கோடி, அப்படியே இருக்கின்றன. விண்டோஸ் அதனை 1,07,37,41,824 ஆல் வகுத்து, வரும் ஈவுக்கு ‘ஜிபி’ என்று பெயரிடுகிறது. பழுது அந்தப் பெயரில்தான்.

கிலோ என்றால் ஆயிரம். கிரேக்கத்திலும் அதுவே பொருள், அளவைச் சட்டத்திலும் அதுவே பொருள். நினைவகச் சில்லுகள் இரண்டின் அடுக்குகளில் அமைவதால், 1024 என்ற எண்ணுக்குப் பொறியாளர்கள் கிலோவைக் கடன் வாங்கினார்கள். அன்று பிழை 2.4 விழுக்காடு, எவரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் பிழை பெருகுகிறது: மெகாவில் 4.9, ஜிகாவில் 7.4, டெராவில் ஏறத்தாழ 10 விழுக்காடு.

குழப்பத்தின் உச்சம் பழைய ஃபிளாப்பி. அதன் ‘1.44 எம்பி’ ஆயிரத்தாலும் 1024 ஆலும் கலந்து பெருக்கிய கணக்கு. 14,74,560 பைட்டுகளைப் பதின்ம முறையில் எண்ணினால் 1.47; இரும முறையில் 1.41. அச்சிட்ட எண் எந்த முறையிலும் சேராது.

‘வழக்குதானே சொல்லின் பொருளைத் தீர்மானிக்கிறது? மொழியியல் படித்தவர் இதைச் சொல்லலாமா?’ என்று சிலர் கேட்கக்கூடும். சொல்லலாம். பேச்சில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது இயல்பு. சூழல் அதைத் தெளிவாக்கிவிடும். அளவைச் சொல் அப்படிப்பட்டதன்று. அது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான ஒப்பந்தம். சேரும் படியும் ஊருக்கு ஊர் மாறிய நாட்டில்தான் 1956இல் எடை, அளவைத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. அன்றும் ‘எங்கள் ஊர் வழக்கு’ என்ற வாதம் இருந்திருக்கும். சந்தையில் அது செல்லாது என்பதே அச்சட்டத்தின் சாரம்.

இன்றோ ஒரே கடையில், ஒரே ரசீதில் இரண்டு ஜிபிக்கள் விற்பனையாகின்றன. 16 ஜிபி ரேம் இரும ஜிபி. 512 ஜிபி எஸ்எஸ்டி பதின்ம ஜிபி. வட்டு உற்பத்தியாளர்கள் சொல்வது சரியான பொருள். அது அவர்களுக்குப் பெரிய எண்ணையும் தருகிறது என்பது வேறு செய்தி.

தீர்வு கிடைக்காமல் இல்லை. 1998இலேயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் இரும அளவுகளுக்குக் கிபி, மெபி எனத் தனி முன்னொட்டுகளை வகுத்தது. 2009இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளில் பதின்மக் கணக்குக்கு மாறியது. விண்டோஸ் மட்டும் இருமத்தில் எண்ணிப் பதின்மத்தின் பெயரைச் சூட்டுவதை விடவில்லை. தமிழில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம்: ‘கிபி’ என்று எழுதினால் கிலோவின் இரும வடிவமா, ஜிகாவின் இரும வடிவமா என்று நம் எழுத்து வேறுபடுத்தாது.

இது வெறும் சொற்சண்டை என்பவர்கள் களப்பணி ஒலிப்பதிவைச் சேமித்துப் பார்க்கட்டும். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு 103,68,00,000 பைட்டுகள். மேக்கில் அது 1.04 ஜிபி, விண்டோஸில் 989 எம்பி. விண்டோஸில் 950 ஜிபி காட்டும் தொகுப்புக்கு ஒரு டெராபைட் வட்டு போதும் என்று கொள்முதல் படிவத்தை நிரப்பினால், 19 ஜிபி வெளியே நிற்கும். அது ஏறத்தாழ இருபது மணி நேரப் பேச்சு. பேசுவோர் அருகிவரும் மொழியில் அந்த இருபது மணி நேரத்துக்கு மறுபதிவு இல்லை.

ஆகவே என் கோரிக்கை எளியது. விண்டோஸ் ஆயிரத்தால் வகுக்கட்டும். அன்றேல் பெயரை மாற்றட்டும். அதுவரை ஆய்வகக் கொள்முதல் படிவங்களில் கொள்ளளவைப் பைட்டுகளில் எழுதுங்கள். கோப்பின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில் அடைப்புக்குறி இன்றி ஒருமுறையும் உள்ளே ஒருமுறையும் அளவு இருக்கும். உள்ளே இருக்கும் நீண்ட எண்ணை நம்புங்கள். அதற்கு ஒரு பொருள்தான் உண்டு.