தானமாக வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்!

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். இலவசமாக வந்ததில் குற்றம் காணாதே என்பது இதன் பொருள்.

கம்ப்யூட்டர் உலகத்தில் மட்டும் இந்தப் பழமொழி செல்லாது! அங்கே தானமாக வரும் மாட்டைத்தான் முதலில் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் ஊருக்கே ஆபத்து.

ஊர்ப் பொதுச் சொத்து

கம்ப்யூட்டர் தானாக வேலை செய்வது இல்லை. "இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று மனிதன் வரிவரியாகக் கட்டளை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளைகளின் தொகுப்பே புரோகிராம்.

பல கம்பெனிகள் அதைப் பூட்டி வைத்து விற்கின்றன. சிலர் பூட்டுவது இல்லை. யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம் என்று பொதுவில் வைத்துவிடுகிறார்கள்.

பின்லாந்து நாட்டு மாணவர் லைனஸ் டார்வால்ட்ஸ், 1991-ம் ஆண்டு, தமது 21-வது வயதில் "லினக்ஸ்" புரோகிராமை இப்படித்தான் பொதுவில் வைத்தார். இன்று ஆயிரக்கணக்கானோர் அதற்குக் கட்டளை எழுதி உதவுகிறார்கள். "ஆண்ட்ராய்டு" செல்போன்களுக்கு அடித்தளம் அதுதான்.

ஐந்து விதிகள்

யாரும் திருத்தலாம் என்றால், எப்படியும் திருத்தலாம் என்று அர்த்தம் அல்ல. லினக்சுக்குத் திருத்தம் அனுப்ப விதிகள் பல உண்டு. முக்கியமானவை ஐந்து.

ஒன்று: ஒரு திருத்தத்தில் ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும். குழம்பில் உப்பு, புளி, காரம் மூன்றையும் ஒரே நேரத்தில் கூட்டினால், ருசி எதனால் கெட்டது என்று எப்படித் தெரியும்?

இரண்டு: கோளாறு என்ன, திருத்தம் ஏன் என்று தெளிவாக எழுத வேண்டும்.

மூன்று: தாம் ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

நான்கு: "இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு" என்று தம் பெயரில் உறுதி கூற வேண்டும். 2004-ம் ஆண்டு முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பிறர் சொத்தைத் திருடித் தானம் செய்யக் கூடாது அல்லவா?

ஐந்து: பொறுமை. அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் உண்டு. அவர் குறை சொன்னால் பதில் சொல்ல வேண்டும். பதில் வர இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். ஒரு வாரமாவது காத்திருந்த பிறகே நினைவூட்ட வேண்டும்.

"சும்மா கொடுக்கிறேன். அதற்கு இத்தனை கெடுபிடியா?" என்று புதியவருக்குக் கோபம் வரும். ஏன் இந்தக் கெடுபிடி?

விட்டுப் போன சோதனை

இன்டர்நெட்டில் ரகசியங்களைக் காக்கும் பொதுப் புரோகிராம் "ஓப்பன் எஸ்.எஸ்.எல்." 2011-ம் ஆண்டு இறுதியில் அதற்கு ஒருவர் நல்ல எண்ணத்துடன் கட்டளைகள் எழுதிக் கொடுத்தார். அதில் ஒரே ஒரு சோதனை விட்டுப் போயிற்று. சரி பார்த்தவர் கண்ணிலும் அது படவில்லை. 2014 ஏப்ரலில்தான் தவறு உலகத்துக்குத் தெரிந்தது. அதுவரை எத்தனையோ கம்ப்யூட்டர்களில் ரகசியத்தைத் திருட வழி திறந்தே கிடந்தது!

அவசரம் திறந்த கதவு

அது தவறு. அடுத்தது சதி!

தகவலைச் சுருக்கி வைக்கும் புரோகிராம் "எக்ஸ்.இசட்." அதைக் கவனித்து வந்தவர் ஒரே ஒருவர். சம்பளம் கிடையாது. களைத்துப் போயிருந்தார். "ஏன் தாமதம்?" என்று சிலர் அவரை நெருக்கினார்கள். அந்த நேரத்தில் உதவிக்கு ஒருவர் வந்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காக உழைத்து நம்பிக்கை பெற்றார். பொறுப்பும் கைக்கு வந்தது. 2024-ல் கள்ளக் கதவு ஒன்றை ஒளித்து வைத்துவிட்டார்!

ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற என்ஜினீயர், கம்ப்யூட்டருக்குள் நுழைய அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். துருவிப் பார்த்தார். மார்ச் மாதக் கடைசியில் சதி அம்பலமாயிற்று. கள்ளக் கதவு உலகமெங்கும் பரவுமுன் தடுக்கப்பட்டது.

காவலுக்குத் துணை வேண்டும்

சோதிப்பது அவமானம் அல்ல, காவல். ஆனால், ஊர்ச் சொத்துக்கு ஒற்றை ஆளைக் காவல் வைத்துவிட்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டுவது நியாயமா? பொதுச் சொத்தை வைத்துப் பணம் பண்ணும் பெரிய கம்பெனிகள் காவலுக்கு ஆளும் கூலியும் கொடுக்க வேண்டும்.

காவலில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டார்வால்ட்சே தமது கடுஞ்சொற்களுக்காக 2018-ம் ஆண்டு மன்னிப்புக் கேட்டார். மாட்டின் பல்லைப் பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். ஓட்டி வந்தவர் மனத்தைப் புண்படுத்தக் கூடாது!