சாவி யாரிடம்?

ஹை-ரெஸ் சங்கீதத்தின் பெயரில் விற்கப்பட்ட பெரிய வாக்குறுதி ஒன்று 2023 ஏப்ரலில் கவிழ்ந்தது. பிரிட்டனின் எம்.க்யூ.ஏ. நிறுவனத்திலிருந்து முக்கிய முதலீட்டாளர் விலக விரும்பினார். கம்பெனி நிர்வாகிகளின் கைக்குப் போனது. செப்டம்பரில் கனடாவின் லென்ப்ரூக் அதன் சொத்துகளை வாங்கியது. அந்த ஃபார்மட்டைப் பிரபலமாக்கிய டைடல் சேவை 2024 ஜூலையில் அதைக் கைகழுவியது.

சந்தா கட்டிக் கேட்டவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. டைடல் ஃபைல்களை மாற்றிக்கொண்டது, பாட்டு நிற்கவில்லை. மாட்டிக்கொண்டவர்கள், காசு கொடுத்து ஆல்பங்களை வாங்கி கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்தவர்கள்தான்.

எம்.க்யூ.ஏ.வின் உத்தி சாமர்த்தியமானது. ஒலியின் உச்ச அதிர்வெண்களை மடித்து, சாதாரண ஃபைலுக்குள் ஒளித்து வைப்பது. எந்த ப்ளேயரில் போட்டாலும் பாட்டு கேட்கும். ஆனால் முதல் மடிப்பைப் பிரிக்க லைசென்ஸ் பெற்ற சாஃப்ட்வேர் வேண்டும், மிச்சத்தைப் பிரிக்க லைசென்ஸ் பெற்ற பெட்டி வேண்டும். ரூன், ஆடிர்வானா போன்ற கட்டண சாஃப்ட்வேர்களில் அந்த வசதி வந்தது. விஎல்சி போன்ற இலவச ப்ளேயர்களில் வரவேயில்லை. ஆக, ஒரே ஃபைல் ஒரு வீட்டில் ஹை-ரெஸ், அடுத்த வீட்டில் ஏறக்குறைய சிடி.

இத்தனைக்கும் காதுக்கு என்ன லாபம் என்பதே விவகாரத்துக்குரியது. சிடி ஒரு விநாடியை 44,100 துண்டுகளாக, 16 பிட்டில் பதிவு செய்கிறது. ஹை-ரெஸ் என்பது 24 பிட், 1,92,000 துண்டுகள் வரை போகும். நான்கு நிமிடப் பாட்டு சுருக்காமல் வைத்தால் சிடியில் 42 மெகாபைட், இதில் 276. 2007ல் மேயர், மோரன் என்ற இரு அமெரிக்கர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஹை-ரெஸ் ஒலியை அப்படியே ஒரு முறை, சிடி தரத்துக்கு இறக்கி ஒரு முறை கேட்க வைத்து, எது எது என்று சொல்லச் சொன்னார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். 2016ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜாஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 52.3 சதவீதம் சரியாக இருந்தது. வித்தியாசம் இருக்கிறது, மயிரிழையில்.

ஃபைலைத் திறக்க முடிகிறதா என்ற விஷயத்தில் மயிரிழைக்கு இடமில்லை. இந்த இடத்தில்தான் 2001ல் வெளிவந்த ஃப்ளாக் ஜெயித்தது. ஒரு பிட்டைக்கூட இழக்காமல் ஃபைலைப் பாதியளவுக்குச் சுருக்கும். யாரும் ராயல்டி கேட்பதில்லை. ஆனாலும் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடைசிவரை அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2004ல் 'ஆப்பிள் லாஸ்லெஸ்' என்று சொந்தச் சரக்கைக் கொண்டுவந்தது. 2011ல்தான் அதன் கதவையும் எல்லோருக்கும் திறந்தது. மைக்ரோசாஃப்ட் வழிக்கு வர 2015ல் வின்டோஸ் 10 வரவேண்டியிருந்தது. இந்தச் சண்டையில் ஒரே ஆறுதல்: ஃப்ளாக்கை ஆப்பிள் லாஸ்லெஸ்ஸாக மாற்றலாம், திரும்பவும் மாற்றலாம். எதுவும் குறையாது.

1999ல் சோனியும் ஃபிலிப்ஸும் சூப்பர் ஆடியோ சிடிக்காகக் கொண்டுவந்த டி.எஸ்.டி. வேறு தினுசு. ஒரு பிட், விநாடிக்கு 28,22,400 முறை. இதன் ஃபைல்கள் டி.எஸ்.எஃப்., டி.எஃப்.எஃப். என்று இரு வகையில் கிடைக்கின்றன. முன்னதில் பாடகர், ஆல்பம் போன்ற விவரங்களை எழுதி வைக்க இடம் உண்டு. பின்னதில் அதற்கு ஒழுங்கான ஏற்பாடு கிடையாது. நூறு ஆல்பம் வாங்கி நூலகத்தில் அடுக்கினால் பல சாஃப்ட்வேர்கள் 'பாடகர் தெரியவில்லை' என்று கைவிரிக்கும். கர்நாடக சங்கீதம் சேர்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. பாடகர் பெயரோடு அவர்கள் தேடல் முடிவதில்லை. ராகம், தாளம், பக்கவாத்தியம் என்று தேடுகிறவர்கள். ஃப்ளாக்கில் அந்தத் தலைப்புகளைத் தாங்களே உருவாக்கி எழுதிக்கொள்ளலாம். தேடலில் அவற்றைக் காட்டுவது சாஃப்ட்வேரின் பெருந்தன்மையைப் பொறுத்தது.

ஃபைல் திறந்துவிட்டது என்பதற்காகவும் நிம்மதியடைய முடியாது. திரையில் 192 என்று எண் மின்னும். ஆனால் வின்டோஸின் ஒலி அமைப்பு 48ல் இருந்தால், வழியிலேயே சத்தம் போடாமல் குறைத்து அனுப்பிவிடும். 'எக்ஸ்க்ளூசிவ்' முறையில் இயங்கத் தெரிந்த ப்ளேயர்தான் அதைத் தாண்டும். ப்ளூடூத் ஹெட்ஃபோன்காரர்களின் நிலை இன்னும் வேடிக்கை. 2021ல் லாஸ்லெஸ் சேவையைத் துவக்கியபோது, ப்ளூடூத்தில் கேட்டால் அது லாஸ்லெஸ் அல்ல என்று ஆப்பிளே சொல்லிவிட்டது.